மூன்றாவது ராசா

றேமன்ட் சுவிஸின் லுகானோ நகரில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவு செய்கிறவர். இப்போது அது அருங்காட்சியகம். பெரிய மண்டபத்துச் சுவரில், ஈரச் சுண்ணாம்பின் மேல் ஐந்நூறு வருடங்களுக்கு முன் தீட்டிய ஓவியம்: பாலன் இயேசுவைக் காண வரும் மூவிராசாக்கள். மூவருக்கும் மாளிகைக்காரரின் முகங்கள், தகப்பனும் இரண்டு மகன்களும். வட்டிக்குக் கொடுத்துப் பெருத்த குடும்பம். ஓவியம் எழுத முன்பே இளைய மகன் சண்டையில் செத்துவிட்டான் என்று வழிகாட்டிப் பெண் சொல்வாள். சுவரில் அவன் பொன் பெட்டியோடு நிற்கிறான்.

அவனுக்கு நேரே வந்ததும் றேமன்டின் துடைப்பம் நிற்கும்.

அவருடைய தம்பி யூட் ஈழப்போரின் கடைசி நாட்களில் படையிடம் சரணடைந்தவன். பிறகு தகவல் இல்லை. கல்லறையும் இல்லை. அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒரு படம் மட்டும் இருக்கிறது.

மன்னாரில் அவர்களுடைய கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள். பீடத்துப் பின்சுவர் ஓவியத்தின் செலவை றேமன்ட் ஏற்றுக்கொண்டார். மூவிராசாக்கள். மூன்றாவது ராசாவுக்கு யூட்டின் முகம். படத்தையும் அனுப்பினார். "ஓம் அண்ணை, ஓம்" என்றார் கோயில் சபைச் செயலாளர் தவச்செல்வன்.

திறப்புக்கு ஒரு வாரம் முன் அவர் வீடியோவில் அழைத்தார்.

"அண்ணை, இனி நீங்கள் ராசா! பாருங்கோ."

தலைப்பாகைக்குக் கீழே நரைத்த கிருதா. தடித்த கன்னம். பொன் பெட்டியோடு நின்றது றேமன்ட். முகநூலில் எடுத்த முகம்.

"ஒட்டகத்தைவிட உங்கடை மூக்குப் பெரிசு" என்று சிரித்தாள் மனைவி யூலியானா. அவர் முகத்தைக் கண்டு நிறுத்தினாள்.

"யூட் எங்கை?" என்று கேட்டார் றேமன்ட்.

"காசு குடுத்தவர் நீங்கள். உங்கடை முகம் இல்லாமலோ?"

"நான் தம்பியையெல்லோ கேட்டனான்."

தவச்செல்வன் குரலைத் தாழ்த்தினார். "பெடியன்ரை முகத்தைப் போட்டால் சிஐடி வந்து ஃபாதரை விசாரிப்பாங்கள். நீங்கள் அங்கை இருக்கிறியள், அண்ணை."

றேமன்ட் திரையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நரையைக் கறுப்பாக்கச் சொல்லு. கன்னத்தையும் ஒட்ட வைக்கச் சொல்லு. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே முகச்சாடை. ஒருத்தருக்கும் விளங்காது."

திருத்திய ஓவியத்தின் படம் கைபேசியில் வந்தபோது அவர் மாளிகை மண்டபத்தில் நின்றார். கண்ணாடியைப் போட்டுப் பெருப்பித்துப் பார்த்தார். நரை போயிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணிலும் வாயிலும் யூட்டைத் தேடினார்.

அதிலும் நின்றது றேமன்ட்தான். ஊரை விட்டு வெளிக்கிட்ட வயதில். பஸ் யன்னலால் கை காட்டின முகம். அன்று கீழே நின்று திருப்பிக் கை காட்டின யூட்டுக்கு எட்டு வயது. அதன் பிறகு அவர் தம்பியை நேரில் கண்டதில்லை.

'நல்லாயிருக்கு' என்று எழுதி அனுப்பினார். துடைப்பத்தை வாளிக்குள் நனைத்தார்.