ஒன்ஸ்மோர் கேட்ட பாட்டு

யாராவது எதிரில் நின்று பேசினால் பாக்கியநாதனின் வலது கை தானாகத் தொடைமேல் ஏறிக்கொள்ளும். விரல்கள் வேட்டி மடிப்பில் இல்லாத ஆர்மோனியக் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கும். இடது உள்ளங்கை மெல்லத் திறந்து மூடும், காற்றில்லாத துருத்தி போல. பேசுகிறவர் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே சறுக்குகிறது, பொய் சொல்லும்போது எந்தச் சுரத்தில் தொங்குகிறது என்று அந்த விரல்கள் தேடிக்கொண்டே இருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பாலையில் அவர் டைம்கீப்பர். தாமதமாக வருகிறவன் காரணம் சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் எட்டிப் பார்ப்பான்.

"இன்னா வாத்தியாரே, நம்ம புளுகு மெட்டுல குந்துதா?"

சில சமயம் குந்தும். கெட்டுப்போன வருகை அட்டையின் பின்பக்கம் அதைக் குறித்துக்கொள்வார். பொன்னேரிக்குத் திரும்பும் பாசஞ்சரில் அதற்கு வார்த்தை சேர்ப்பார். அப்படிச் சேர்ந்தவைதான் அவருடைய நாடகங்கள்: சம்பளம் கேட்ட எருமை, மீசையை வாடகைக்கு விட்டவன். ஞாயிற்றுக்கிழமை பகலில் படம் ஓடாத நேரமாகப் பார்த்து டூரிங் கொட்டகையைப் பிடித்து நடத்துவார்கள். எழுதுவது, மெட்டுப் போடுவது, மேடைக்குக் கீழே ஆர்மோனியம் வாசிப்பது எல்லாம் அவரே. சிரிக்கவைக்கும் வேஷம் மட்டும் ஆலை எலக்ட்ரீஷியன் வரதனுடையது.

அறுபத்தொன்பதில் மனிதன் நிலாவில் இறங்கின சேதி வந்ததும் பாக்கியநாதனுக்கு ஒரு கதை பிடித்துக்கொண்டது. பொன்னேரிக்காரன் ஒருவன் நிலாவில் நாஷ்டா கடை போடுகிறான். அங்கே எதற்கும் கனம் கிடையாது. கல்லில் ஊற்றிய தோசை எழும்பிப் பறந்துபோகிறது. கடைக்காரன் அண்ணாந்து பார்த்து அதற்காக அழுதுபாட வேண்டும். அந்தப் பாட்டு மட்டும் விழவில்லை. மூன்று வாரம் துருத்தியை அமுக்கிப் பார்த்தார். அழுகையாக இருந்தால் சிரிப்பு வரவில்லை. சிரிப்பாக இருந்தால் அழுகை இல்லை.

மூன்றாம் வாரத்தில்தான் எதிர்வீட்டு நாகமுத்து காமாலையில் இறந்துபோனார். அவரும் அதே ஆலையில் சுமை தூக்குகிறவர். தெருவில் போட்டிருந்த பெஞ்சில் மற்ற ஆண்களோடு பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார். உள்ளே நாகமுத்துவின் மனைவி தாயாரம்மாள் ஒப்பாரி எடுத்தார். ஒவ்வொரு அடியும் மேலே போய், பிடி கிடைக்காமல், உடைந்து கீழே வந்தது. பாக்கியநாதனின் விரல்கள் தொடையில் ஏறின. பக்கத்தில் யாரும் பார்ப்பதற்குள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்தார். விரல்கள் நின்றன. காது நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த மெட்டைப் பெட்டியில் வாசித்துப் பார்த்தார். பிறகு நாலு மடங்கு வேகத்தில் வாசித்தார். அடுத்த அறையில் இருந்த மனைவி ஆரோக்கியமேரி சிரித்துவிட்டாள். 'போட்டேனே ஒரு தோசை, போச்சே அது மேலே' என்று வார்த்தையும் வந்து உட்கார்ந்துகொண்டது. இது இன்னொருத்தருடையது என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. இவ்வளவு வேகத்தில் யாருக்கு அடையாளம் தெரியும் என்றும் தோன்றியது.

நாலு மாதம் கழித்து நாடகம் ஏறியது. அன்றைக்கு ஆரோக்கியமேரி தனியாக வரவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று தாயாரம்மாளையும் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். அது பாக்கியநாதனுக்குத் தெரியாது. வரதன் அண்ணாந்து பார்த்து முதல் அடியை எடுத்தபோது கொட்டகை குலுங்கியது. இரண்டாம் அடியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் உருவம் எழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி வெளியே போனது. வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் தாயாரம்மாள் என்று தெரிந்தது.

பாட்டு முடிந்தது. ஒன்ஸ்மோர் என்று நாலு பக்கமும் கூவினார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத சபாவை அடுத்த தரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். வரதன் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு இவரைப் பார்த்தான். பாக்கியநாதன் வாசித்தார். முதல் தரம் வாசித்ததற்கு அவர் பிற்பாடு எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாம் தரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அன்று சாயங்காலம் ஆரோக்கியமேரி எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். இவர் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"ஒண்ணும் பேசல. பாட்டு நல்லா இருந்துச்சின்னு அண்ணன்கிட்ட சொல்லுன்னுச்சி. அவ்ளோதான்."

அதைவிடக் கூர்மையாக யாரும் அவரைக் குத்தியதில்லை.

மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னார். மெட்டுத் திருடியதை பத்துக் கட்டளைகளில் எதில் சேர்ப்பது என்று சாமியாருக்கே குழப்பம். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேள் என்று அனுப்பிவிட்டார். பாக்கியநாதன் போனார். தாயாரம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து, "இன்னாண்ணே?" என்றார். குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார் பாக்கியநாதன். வந்தது என்றார் தாயாரம்மாள். இவர் தெருவைக் கடந்து திரும்பிவிட்டார். இப்படி மூன்று தரம் நடந்தது. மூன்று தரமும் தண்ணீர் வந்திருந்தது.

திருவள்ளூரில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தையே கேட்டார்கள். அவர் தோசைப் பாட்டுக்கு வேறு மெட்டுப் போட்டார். ஒத்திகையில் அது ஈரத் துணி போலத் தொங்கியது.

"பழசையே வாசி வாத்தியாரே," என்றான் வரதன். "அதுக்காகத்தான் கூப்பிட்டுக்கினு போறான். உனுக்கு இன்னா பேஜாரு?"

"அது என்னுது இல்ல வரதா."

"பின்ன எவன்துன்னு சொல்லு. அவன் கால்ல உய்ந்து நான் கேட்டுக்கினு வரேன்."

பாக்கியநாதன் புது மெட்டையே மறுபடி வாசித்தார். யாருடையது என்று சொன்னால் தாயாரம்மாளின் துக்கம் இரண்டாவது தரமும் ஊர் வாயில் விழும்.

திருவள்ளூரில் வரதன் புது மெட்டில் ஓர் அடி பாடினான். கூட்டம் இருமியது. அவன் கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டு பழைய மெட்டுக்குத் தாவினான். கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. பாக்கியநாதனின் கைகள் மடியிலேயே கிடந்தன. ஒன்ஸ்மோர் கேட்டபோது பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டிவிட்டு, நடந்தே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அதற்குப்பின் அவர் நாடகம் எழுதவில்லை. கோயிலில் மட்டும் வாசித்தார். அதுவும் அச்சான பாட்டுகளை, அச்சில் இருந்தபடி. ஆலையில் யாராவது காரணம் சொல்ல வந்தால் இரண்டு கையையும் மேஜைமேல் தெரியும்படி வைத்துக்கொள்வார். தொழிலாளிகள் அவரைக் கடுகடுப்பானவர் என்றார்கள். எழுபத்தைந்தாம் வருஷம் மார்வலி கண்டு மூன்று நாள் கிடந்து போனார். தாயாரம்மாள் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒப்பாரி எடுக்கவில்லை.

இதற்கும் நாலு வருஷம் கழித்து, தாயாரம்மாளின் மகள் ரத்னா சொல்லித்தான் மீதி தெரிய வந்தது. அப்பா செத்த அன்று அம்மா அழுத மெட்டு அம்மாவுடையது அல்ல. நாகமுத்து தினமும் குளிக்கும்போது பாடுவது. பாக்கியநாதன் அறுபத்திரண்டில் போட்ட முதல் நாடகத்தில் கேட்டு வந்த பாட்டு. அதைத்தான் தாயாரம்மாள் இழுத்து இழுத்து அழுதிருக்கிறார். போட்டவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அது இழுபட்டிருந்தது. கொட்டகையில் மறுபடியும் அதைப் புருஷன் பாடின வேகத்தில் கேட்டதும் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போனவர் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகைக் கீற்றுக்கு வெளிப்பக்கம் நின்று, இரண்டாம் தரமும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்.