பத்துக்குப் பத்து

அண்ணி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பயந்து இமையை இறுக்கிக்கொள்ளும் நோயாளியிடம் வீட்டுக் கதை கேட்பாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் சொட்டு மருந்து விழுந்திருக்கும். வீட்டில் அவளிடம் யாரும் கதை கேட்டதில்லை. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். காபி முதல் ஜன்னல் திரை வரை அவள் செய்கிற எல்லாவற்றுக்கும் மார்க் போடுவான். அது பத்துக்கு ஏழைத் தாண்டியதில்லை.

நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அண்ணி ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலைக்கு அவள் முதலில் போவது, ஸ்கூலைக் கைமாற்றிவிட்டு அண்ணன் பின்னால் போவது என்று ஏற்பாடு. தனக்கு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் அண்ணி துணி தேய்த்தாள், அண்ணன் மடித்தான். பாடம், ‘ஏனென்றால்’, ‘என்று’ எல்லாம் போட்டு இரண்டு வாக்கியங்களை இணைப்பது. இணைத்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், கிட்டத்தட்ட நம்மைப் போலவே. அண்ணனுக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். வினைச்சொல் கடைசியில் வந்து விழுகிறதா என்று மட்டும் கேட்டு மார்க் போட்டான்.

அந்த நாட்டு ஓட்டல் ஒன்றில் ஒரு வருஷம் தட்டு கழுவியவள் நான். சோபாவில் சாய்ந்திருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் ஜெர்மன் படிக்கிறேன், ஏனென்றால் தனியாக வாழ ஆசைப்படுகிறேன் என்று ஜெர்மனில் சொன்னாள் அண்ணி. ஒன்பது. அவர் வருத்தப்படுவார் என்று எனக்குத் தெரியும் என்றாள். பத்து. போய்ச் சேர்ந்த பிறகு அவரைக் கூப்பிட மாட்டேன் என்றாள், அவனுடைய சட்டைக் காலரைத் தேய்த்தபடி. அதற்கும் பத்து.

“நீ அங்க இருந்தவதானே, சரியா சொல்றாளா?” என்று அண்ணன் பெருமையாகக் கேட்டான்.

அண்ணியைப் பார்த்தேன். “தப்பே இல்லண்ணா.”

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அர்த்தத்தையும் சொல்லிடு. ஒரு மாசமா இவர் முன்னாலயே சொல்றேன், என்னன்னு ஒரு நாள் கேக்கல. நீ வரட்டும்னுதான் இருந்தேன்.”

அண்ணனின் சிரிப்பு இன்னும் போகவில்லை. சொன்னேன். மூன்றையும்.

“புஸ்தகத்துல இருக்கிறதா?” என்றான்.

“இல்லைங்க. நானே போட்டது.”

பயணப் பெட்டிக்காக அடுக்கியிருந்த துணியிலிருந்து தன் ஸ்வெட்டரை உருவி எடுத்தான். மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“ஏன்?”

அண்ணி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“கேட்டுட்டீங்க, சொல்றேன். ஆனா போறது போறதுதான்.”