கலெக்டர் தின்னாத ரோஜா

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடையில் இலந்தை வடை தொங்குவதைப் பார்த்துவிட்டேன். மருத்துவர் எனக்கு விலக்கி வைத்திருக்கும் புளிப்பு, காரம், உப்பு மூன்றும் அதில் இருக்கிறது. வாங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாயில் போட்டேன். பொடிந்த கொட்டைத் துண்டு ஒன்று பல்செட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுபத்தெட்டு வயதில் நடுத்தெருவில் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்குக் கௌரவம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. அப்போதுதான் அந்த வாசனை ஏறியது. அழுகலுக்கும் இனிப்புக்கும் நடுவில் ஒரு வாசனை. கூடவே ஆட்டு மூத்திர வாடையும் வந்தது. அது கடையிலிருந்து வந்ததல்ல, என் நினைவிலிருந்து வந்தது.

என் மூக்குக்கு இலந்தையும் ஆட்டுக்கிடையும் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. அதற்குக் காரணம் பேராசிரியர் ஜெபமணி.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் மேலாளர். பக்கத்து வீட்டுக்காரர் ஜெபமணி, நாசரேத்துக்காரர், கல்லூரியில் தாவரவியல் நடத்தினார். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. அவர் பக்கம் காடு, என் பக்கம் ரோஜா. அவர் சருகைக் கூட்ட மாட்டார், ஓணானை விரட்ட மாட்டார், குருவிக்கு மண்சட்டியில் தண்ணீர் வைப்பார். என்னிடம் பெங்களூரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பன்னிரண்டு ரோஜாச் செடிகள் இருந்தன. உப்புக் காற்றில் அவை பட்ட பாடு சொல்லி முடியாது. காலையில் நான் மொட்டுகளை எண்ணுவேன். மாலையில் மறுபடி எண்ணி, குறைந்ததற்கு வருத்தப்படுவேன். உரத்துக்கு முட்டை ஓடு ஜெபமணி வீட்டிலிருந்து வரும்.

ஒரு தை மாதம் அவர் என் ரோஜாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இலந்தையை யாருன்னு நினைச்சீரு? ரோசாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சிவே. அக்காக்காரி பெங்களூருல வாக்கப்பட்டுப் போனா. இவ இங்கன தேரிக்காட்டுச் செம்மணல்லயே இருந்துட்டா. நம்ம ஊரு காட்டு ரோசா அவதான்."

"தங்கச்சி பூக்கிற பூவைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேணுமே."

"பூ உமக்கில்ல. தேனீக்கு. பழம் கொண்டைக்குருவிக்கு. முள்ளு, பூனைக்குப் பயந்து கூடு கட்டுதுகளே, அதுகளுக்கு."

எல்லையோரம் முழுக்க இலந்தை வேலி, அதுவும் விதையிலிருந்து: இதுதான் அவர் ஆசை. விதை வாங்கக் கடைக்குப் போகவில்லை. பேச்சியம்மாளின் ஆட்டுக்கிடைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். ஆடு பகலில் இலந்தைப் பழத்தைத் தின்று, கிடையில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். அப்படி ஆட்டு வயிற்றுக்குள் போய்வந்த கொட்டைதான் ஒழுங்காக முளைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தாவரவியலிலும் அப்படித்தானாம்.

இரண்டு முழுக்கால்சட்டைக்காரர்கள் குத்தவைத்துப் புழுக்கைக்கு நடுவே கொட்டை பொறுக்குவதைப் பார்த்துப் பேச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார்வாள், காலேசுல சம்பளம் போடலியா? ஆட்டு எச்சிக்கு வந்து நிக்கிய."

"ஒன் ஆடுதான்ளா எனக்கு விதைக்கடை" என்றார் ஜெபமணி.

அவளிடம் பதினோரு ஆடு இருந்தது. முன்னால் போவது ஒரு கறுப்புக் கிடா. தினமும் காலையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, குறை எதுவும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால் தெருவில் அதற்குக் கலெக்டர் என்று பெயர். தெருவைத் தாண்டினால்தான் அந்தப்பக்கம் மேய்ச்சல் நிலம். வேறு வழி இல்லை.

பால் கவரில் மண் நிரப்பி ஊன்றிய கொட்டைகளில் நாற்பது முளைத்தன. பங்குனியில் எல்லையோரம் நட்டார். சித்திரையில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க நாசரேத்துக்குப் போக வேண்டி வந்தது. பதினைந்து நாள்.

"டிரம்முல நல்ல தண்ணி இருக்கு. லாரி வரும்போது நிறைச்சுக்கிடும். போர் தண்ணி மட்டும் விட்டுராதீரும். உப்பு. பச்சைப்பிள்ளைக, தாங்காது."

"உம்ம பிள்ளைகளை நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வாரும்."

இனி சொல்வதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அந்தச் சித்திரையில் லாரி இரண்டு முறை வரவில்லை. என் ரோஜாக்கள் தலையைத் தொங்கப்போட்டன. ஜெபமணியின் டிரம்மில் நல்ல தண்ணீர் இருந்தது. காட்டுச் செடிதானே, தேரிக்காட்டில் யார் குடம் குடமாக ஊற்றினார்கள் என்று எனக்கு நானே வாதாடினேன். அந்த வழக்கில் வக்கீலும் நானே, நீதிபதியும் நானே. நல்ல தண்ணீர் அக்காவுக்குப் போனது. தங்கைக்குப் போர் தண்ணீர்.

பதினொன்றாம் நாள் இலை நுனி கருகியது. பதினான்காம் நாள் நாற்பதும் அப்பளம்.

ஊருக்குப் போனவர் மறுநாள் வருகிறார். நண்பரிடம் "தப்பு செய்துவிட்டேன்" என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? அதற்குப் பதிலாக நான் ரோஜா வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய், நாற்பது குச்சியையும் ஒரு சாண் உயரத்தில் வெட்டினேன். தெருவில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைக் காகிதத்தில் அள்ளி வந்து வேலியோரம் தூவினேன். அலுவலகத்தில் எந்த வேலையையும் நான் அத்தனை ஈடுபாட்டோடு செய்ததில்லை.

ஜெபமணி வந்தார். குனிந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"ஆடா?"

"ஆடுதான்வே. கலெக்டர்."

"நீரு பாத்தீரா?"

"பாத்தேன்."

அதோடு முடியும் என்று நினைத்தேன். ஆனால் தெருவில் கோலம் மிதிபட்டவர்கள், கொடியில் காய்ந்த சேலை மெல்லப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு காரணத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். ஞாயிறு மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டம் என் வீட்டு முற்றத்தில் கூடியது. செயலாளர் யார் என்று கேட்காதீர்கள். நான்தான். தெருவுக்கு கேட் போட்டு ஆடுகளைத் தடுப்பது என்று தீர்மானம். பேச்சியையும் வரச் சொல்லியிருந்தார்கள். கலெக்டர் கேட்காமலே வந்திருந்தது.

"இந்த வழிய அடைச்சா நான் ஆட்டை எங்கன கொண்டு போவேன்? உப்பளத்துலயா மேய்ப்பேன்?" என்றாள். பிறகு என் தொட்டிகளைப் பார்த்தாள். "சார்வாள், ஒண்ணு கேக்கேன். இம்புட்டு ரோசா தளதளன்னு நிக்கி. இதை விட்டுட்டா எங்க கலெக்டரு அந்த முள்ளைப் போயித் தின்னுச்சு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கலெக்டர் என்னைப் பார்த்துத் தாடையை ஆட்டியது.

"ரோசாவையும் கடிச்சிருக்கு" என்றேன். "இருட்டுல தெரியலை."

"அப்ப காலையில பாத்துட்டுத் தீர்மானத்தை வச்சுக்கிடுவோம்" என்றார் தலைவர்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் ரோஜாத் தொட்டிகளுக்கு முன்னால் கத்தரியோடு நின்றேன். பன்னிரண்டு செடி. பெங்களூரிலிருந்து மடியில் வந்தவை. மூன்றை வெட்டினேன். வெட்டு சீவினாற்போல இருந்தது. ஆடு இப்படியா கடிக்கும்? இழுத்துக் கிழிக்கும். யோசித்தேன். அப்போது எனக்கு இருந்தவை சொந்தப் பற்கள். குனிந்து, ஒரு கிளையை வாயில் கவ்வி இழுத்தேன். முள் உதட்டைக் கிழித்தது. கிளை சரியாகத்தான் கிழிந்து வந்தது. ஐந்தாவது செடியில் இருக்கும்போது பின்னால் என் மனைவியின் குரல்.

"காப்பி ஆறுது. தின்னு முடிச்சுட்டு வாங்க."

உதட்டுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பல வருடம், இரவு உணவில் கீரை வைத்தால் மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

தீர்மானம் நிறைவேறியது. நல்ல ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன். எல்லோரும் கை தூக்கினார்கள். ஜெபமணி கடைசியாக, தோள் வலிக்காரர் போல மெதுவாகத் தூக்கினார். பேச்சி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். மூன்று மாதத்தில் ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு உப்பளத்தில் சுமக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த தையில் ஜெபமணிக்கு விதை இல்லை. சந்தையில் பழம் வாங்கி வந்து, "நாமளே மெல்லுவோம்வே" என்றார். இரண்டு பட்டதாரிகள் ஒரு வாளியைச் சுற்றி உட்கார்ந்து, நூறு பழம் மென்று துப்பினோம். மூன்று முளைத்தது. அதுவும் ஆனி மாதம் போய்விட்டது. "ஆட்டளவுக்கு நமக்கு ஞானம் பத்தலை" என்றார். நான் சிரித்தேன்.

வேலி வரவே இல்லை. சட்டித் தண்ணீருக்கு வந்த கொண்டைக்குருவிகளும் இரண்டு மூன்று வருடத்தில் குறைந்து, கூடு கட்ட இடம் தேடிப் போய்விட்டன. ஜெபமணி ஓய்வு பெற்று, மகளோடு இருக்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். லாரியில் பீரோ ஏறிக்கொண்டிருந்தது. இனிச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று எனக்குப் பட்டது. தண்ணீரிலிருந்து பல்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்வே. அன்னைக்கே மண்ணை நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு கரிச்சுது."

"பிறகு ஏன் கை தூக்கினீரு?"

"நாலு பேரு முன்னால உம்மைப் பொய்யன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பேச்சிக்கு மட்டும் மனசு இல்லையான்னு நான் நினைக்கலை. உம்ம தப்பு தண்ணியோட போச்சு. என் தப்பு கையைத் தூக்குனது."

லாரியை நிற்கச் சொல்லிவிட்டு, இருவரும் ஆட்டோ பிடித்து உப்பளங்கள் இருக்கும் முள்ளக்காட்டுப் பக்கம் பேச்சியைத் தேடிப் போனோம். வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் உப்பில் வெடித்திருந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"இதைச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்திய? அன்னைக்கு விடியுமுன்ன நான் உங்க தெருவுலதான் நின்னேன். ஆடு கடிச்ச ரோசாவுல ஆட்டு எச்சி இருக்கும் சார்வாள். அதுல காப்பி குடிக்கப் போற மனுசன் எச்சியில்லா இருந்துச்சு."

ஆக, என் மனைவிக்குத் தெரியும், ஜெபமணிக்குத் தெரியும், பேச்சிக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது கலெக்டருக்கு மட்டும்தான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா? படிச்ச மனுசன் ரோசாவைக் கடிச்சாருன்னு ஆட்டுக்காரி சொன்னா, யாரைப் பயித்தியம்பாக?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "அந்தத் தீர்மானத்தை எடுத்துருங்க. நான் வாரேனோ இல்லையோ, எங்க பேருல அது இருக்க வேண்டாம்" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். பாதிப் பேர் புதியவர்கள், கதை என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒரு நிமிடத்தில், எதிர்ப்பே இல்லாமல், தீர்மானம் ரத்தானது. அந்தச் செய்தியைச் சொல்ல நான் மறுபடி முள்ளக்காட்டுக்குப் போனபோது பேச்சி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தப்பக்க மேய்ச்சல் நிலத்தில் இப்போது கன்டெய்னர்கள் நான்கு அடுக்காக நிற்கின்றன.

எங்கள் தெருவுக்குள் ஆடு தாராளமாக வரலாம். சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. வருவதற்குத்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆடும் இல்லை.