வேப்பிலை படாத இடம்

நான் நர்சாக இருந்த காலத்தில் வார்டில் என்னை மோப்பக்காரி என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வரும் நர்சுகளுக்குச் சொல்லிவைக்கிறேன்: தெர்மாமீட்டரை எடுக்கும் முன் பிள்ளையின் வாயை முகர்ந்து பாருங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மழை பொய்த்த ஒரு வருஷம். வண்டியூரிலிருந்து பேச்சியம்மாள் என்பவள் தன் மகள் வள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வள்ளிக்கு நாலு வயது. தட்டம்மை கண்டு இறங்கி, எலும்பும் தோலுமாக இருந்தாள். சுற்றியிருந்த துணி தும்பைப்பூவாக இருந்தது. தலைமாட்டில் கொத்து கொத்தாக வேப்பிலை. ஆனாலும் வாசற்படியிலேயே நாற்றம் என் மூக்கில் ஏறியது. வலது கன்னம் வீங்கி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"வாயை எப்பக் கழுவுன?" என்று கேட்டேன்.

"கழுவலையேம்மா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பல்லு விளக்கக் கூடாதுன்னாக. ஆத்தா கோவிச்சுக்குவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உடம்பை அம்புட்டுச் சுத்தமா வச்சிருக்க. வாயி மட்டும் யாரு வீட்டு வாயி?" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் கையமர்த்தினார். "விடுங்க சிஸ்டர். நம்ம எல்லார் வாயிலயும் இருக்குற கிருமிதான். சும்மா கெடக்கும். அம்மையும் பட்டினியுமா உடம்பு தேஞ்சுபோனா, ஈறுல ஆரம்பிச்சு கன்னத்தைத் தின்னுரும்."

அப்போது எங்களிடம் பெனிசிலின் கிடையாது. பெர்மாங்கனேட் தண்ணீரால் கழுவினோம். அழுகிய சதையை டாக்டர் வெட்டியெடுத்தார். அப்படியும் கன்னத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. பாலைப் புகட்டினால் அந்த வழியாக ஒழுகும். பேச்சியம்மாள் உள்ளங்கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டே புகட்டுவாள். ஒரு நாள் காலையில் பால் உள்ளே இறங்கவில்லை. அவள் பொத்திய கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

அடுத்த கோடையில் பேச்சியம்மாள் மறுபடி வந்தாள். இடுப்பில் அவளுடைய சின்ன மகன், மேலெல்லாம் அம்மை. சீட்டுக்கூட வாங்காமல் நேரே என்னிடம் வந்து, அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினாள்.

"வேப்பிலையக் கொதிக்கவச்சு, ஆறவச்சு, அந்தத் தண்ணியிலதான் வாயைத் தொடைக்கிறேன். வேப்பிலை ஆத்தாளுக்கு உகந்ததுதானம்மா? கோவிச்சுக்க மாட்டா. மோந்து பாருங்க."

குனிந்து முகர்ந்தேன். வேப்பிலை வாசனையும் பால் வாசனையும்தான் வந்தன. "நல்லா இருக்கு பேச்சி," என்றேன்.

அவள் நம்பவில்லை. "இன்னொரு தடவ மோந்து பாருங்கம்மா," என்றாள்.

இன்னொரு தடவை முகர்ந்தேன். ஓய்வு பெறும் வரை எந்தப் பிள்ளையையும் நான் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தேன்.