மூச்சுக்கு நின்ற இடம்

பேண்டில் என் வேலை "பா" சொல்வது. பெரிய டிரம் "டும்" என்று விழும். உடனே நான் ஆல்ட்டோ ஹார்னில் "பா" என்று ஊத வேண்டும். டும்-பா, டும்-பா. சைகோனில் இருபது வருஷத்துக்கு மேல் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மாதா திருநாளுக்கும் நான் ஊதியது இவ்வளவுதான். பாட்டு என் கையில் இருந்ததே இல்லை. அது என் தங்கை புருஷனிடம் இருந்தது. அவன் கார்னெட் வாசித்தான். பாண்டிச்சேரி, காரைக்கால் ஆட்களான நாங்கள் பிரெஞ்சுக்காரன் பழக்கத்தில் அதைப் "பிஸ்தோன்" என்போம்.

"நீ வாசிக்கலன்னா ஒருத்தனுக்கும் தெரியாது மச்சான். நான் நிறுத்துனா தெருவே திரும்பிப் பாக்கும்" என்று சீண்டுவான். எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும்.

ஆனால் என்னிடமும் ஓர் ஆயுதம் இருந்தது. சாவு ஊர்வலத்துக்கு நாங்கள் வாசிக்கும் மார்ச் என்ற நடைப்பாட்டில், மூன்றாவது திருப்பத்தில் பாட்டு மேலே ஏறும். சிகரெட்டால் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அவனால் ஒரே மூச்சில் அங்கே ஏற முடியாது. ஒரு கணம் நின்று மூச்சு வாங்குவான். நாங்கள் எல்லோரும் அவனுக்காக நிற்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் சார்ஜண்டாக இருந்து பென்ஷன் வாங்கிய எங்கள் பேண்டு மாஸ்டர் ஆரம்பத்தில் திட்டித் தீர்த்தார். பிறகு அவரே அந்த இடத்தில் கையை நிறுத்தப் பழகிவிட்டார்.

"கப்பலே வந்து ஆள ஏத்திக்கிட்டுப் போயிடும், ஒனக்கு மூச்சு வராது" என்பேன் நான்.

கப்பல் உண்மையிலேயே வந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் முதலில் கிளம்பியவர் பேண்டு மாஸ்டர்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் ஊரை விட்டுப் போனாலும் துறைமுகத்துக்குப் போய் வாசித்து அனுப்ப வேண்டும். போகிறவர் தம் வாத்தியத்தை முந்தின நாளே மாதா கோயில் அலமாரியில் வைத்துவிட வேண்டும். அது பங்குச் சொத்து. டிராம்போன்காரர் பிரான்சிலுள்ள மார்செய்க்குப் போனார். நாங்கள் கரையில் வாசித்தோம். அவர் மேலே நின்று கை அசைத்தார். அவர் வாசிக்கும் இடம் வந்தபோது அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து கிளாரினெட்காரர்கள் இருவர் காரைக்காலுக்குப் போனார்கள். இப்படியே அலமாரி நிறைந்துகொண்டு வந்தது.

போர் முற்றிய வருஷங்களில் வேலைக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் ஆட்கள் பலருக்கு மனைவிமார் வியட்நாமியப் பெண்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளை அரசாங்கம் படையில் சேர்த்தது. சவப்பெட்டியில் திருப்பி அனுப்பியது. ஒரே வாரத்தில் மூன்று முறை அந்த மார்ச்சை வாசித்திருக்கிறோம். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாசலில் நின்று வாசித்துவிட்டுச் சுண்டல் வாங்கித் தின்ற சந்தோஷமெல்லாம் அதற்கு முந்திய காலம்.

என் தங்கை புருஷனிடம் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருந்தது. நினைத்திருந்தால் எப்போதோ போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்டால், "நான் போனா பாட்டும் போயிடும்டா. நீ மட்டும் தனியா பா பான்னு நிப்பே" என்று சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன். உண்மை எனக்குத் தெரியும். என்னிடம் காகிதம் இல்லை. அண்ணனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று என் தங்கை பிடிவாதமாக இருந்தாள். அவன் தங்கியது எனக்காக. அதை அவன் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை.

போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபோது மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். அவன், நான், டிரம் அடிப்பவர். டிரம்காரர் காரைக்கால் தகப்பனுக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவர். பென் தான் என்ற பெரிய சந்தையில் மீன் விற்றார். பாதித் தமிழ் பேசுவார். மறு வருஷமே என் தங்கை புருஷனின் நெஞ்சு முற்றிலும் கெட்டது. மருந்து கிடைக்கவில்லை. மதியமெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து இருமுவான். என் தங்கை பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, "மெதுவா... மெதுவா மூச்ச இழுத்து வுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் நல்ல மழை. அவள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்தோன் பெட்டியை இழுத்தான்.

"மச்சான், இத எடு. அந்த மார்ச்ச மட்டும் சொல்லித் தரேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நம்ம பேண்டுல எல்லாரையும் வாசிச்சுத்தான் அனுப்புனோம். என்னை மட்டும் சும்மாவா தூக்கிட்டுப் போவே?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "சாவுப் பேச்சுப் பேசாதே" என்று கத்தினேன். "நான் பா ஊதுறவன். ஒன் பாட்ட நீயே வாசிச்சுக்க" என்று பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினேன். அவன் மறுபடி கேட்கவில்லை. அதை நான் கற்றுக்கொண்டால் அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். கற்றுக்கொள்ளாமலும் போய்விட்டான், மூன்று வாரத்தில்.

அவன் இறந்த அன்று காலை பிஸ்தோனை எடுத்துக்கொண்டு மாதா கோயில் பின்கட்டுக்குப் போனேன். பாட்டு என் காதுக்குத் தலைகீழ்ப் பாடம். விரலுக்கும் உதட்டுக்கும் அது தெரியவில்லை. வாத்து கத்துவதுபோல் ஏதோ வந்தது. ஒரு மணி நேரம் ஊதிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அலமாரியைத் திறந்து, ஆட்சி மாறியபின் அங்கே போட்டுவைத்த என் ஆல்ட்டோ ஹார்னை எடுத்தேன்.

டிரம்காரர் வாசலில் காத்திருந்தார். "பாட்டு யாரு?" என்றார்.

"யாரும் இல்ல."

அவர் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஊர்வலத்துக்கு வார்டு ஆபீஸில் அனுமதி கேட்டிருந்தோம். பழைய யூனிஃபார்ம் போடக்கூடாது என்பதைத் தவிர அவர்கள் வேறொன்றும் சொல்லவில்லை. சவப்பெட்டியை மூன்று சக்கர வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் என் தங்கை. காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. வண்டிக்கு முன்னால் நாங்கள் இருவரும் நடந்தோம்.

டும். பா. டும். பா.

பாட்டில்லாத மார்ச். சந்துமுனைப் பையன்கள் சிரித்தார்கள். ஃபோ சூப்புக் கடைக்காரி எட்டிப் பார்த்து, வண்டியைக் கண்டு, அவர்களை அதட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது. இருபது வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு நான் கொடுத்தது இதுதானா என்று நெஞ்சு எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பாட்டின் முதல் திருப்பம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. என் காதுக்குள் அவன் வாசித்துக்கொண்டே வந்தான்.

மூன்றாவது திருப்பத்தில் டிரம் விழவில்லை.

நானும் ஊதவில்லை. நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை, பழக்கம் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டது. கால்களும் நின்றுவிட்டன. வண்டிக்காரரும் பிரேக் பிடித்தார். தெருவில் சத்தமே இல்லை. பின்னாலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது. அவள் பெட்டியின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா... மெதுவா மூச்ச இழுத்து வுடுங்க. அவசரமில்ல. அண்ணன் நிக்கிது."

அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நாங்கள் நின்றோம். எப்போதும் நிற்பதைவிட அதிக நேரம் நின்றோம். பிறகு டிரம் விழுந்தது. நான் "பா" என்று ஊதினேன்.