வெள்ளிக்கிழமை வந்த வேலை

மதுரையில் மகாலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் சீதாலட்சுமியின் கைக்கு ஒரு பேர் உண்டு. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண்கள் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். முதலாளி வீட்டிலிருந்து வெள்ளைத் துணி வரும். அதை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி, புள்ளிப் புள்ளியாக முடிந்து கொடுத்தால் சாயப்பட்டறைக்குப் போகும். வாங்கிய வேலையைக் குறித்த நாளில் கொடுக்க வேண்டும். யார் முடிச்சுப் போட்டது என்று முதலாளி கேட்பதில்லை. மைத்துனி முடிந்தாலும் சரி, வீட்டுக்கு வந்த விருந்தாளி முடிந்தாலும் சரி, முடிச்சு ஒன்றுபோல் இருக்க வேண்டும். பிழை இருந்தால் துணி திரும்பி வரும். கூலியில்லாமல் மறுபடி செய்து கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து சீதாலட்சுமிக்கு ஒரு துணிகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் சொல்லாமலும் இருக்க மாட்டாள்.

புருஷன் ஜனகராஜுக்குச் சாயப்பட்டறையில் வேலை. முழங்கை வரை சிவப்பாகவே இருப்பான். ஒரே மகள் ராதாமணி. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில் அவனுக்கு இஷ்டமில்லை. பெண்பிள்ளைக்கு முடிச்சுப் போடத் தெரிந்தால் போதும் என்பது அவன் கட்சி. சீதாலட்சுமிக்கோ மகள் படிக்க வேண்டும் என்று பெரிய ஆசை. கடைத்தெருவில் தொங்குகிற பலகை எழுத்துகளைச் சிறு வயதிலிருந்தே அவள் கோலம் பார்ப்பதுபோலப் பார்த்து வந்தவள். அழகாக இருக்கும், ஒன்றும் புரியாது. மகளுக்காவது புரியட்டும் என்று புருஷனிடம் சில நாள் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தாள். அவன் இறங்கி வந்தான். வரும்போதே ஒரு நிபந்தனையோடு வந்தான். எந்த வகுப்பில் தோற்றாலும் அன்றோடு படிப்பு சரி, நூலை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். நிபந்தனை எந்தப் பாஷையிலும் நிபந்தனைதான்.

முப்பத்தாறாம் வருஷம் ராதாமணி இரண்டாம் வகுப்புக்குப் போனபோது முத்துக்கருப்பன் என்று ஒரு புது வாத்தியார் வந்தார். திருமங்கலத்துக்காரர். பசுமலையில் வாத்தியார் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறாதவர். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது, வீடும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பார். திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். "வீட்ல எல்லாரும் சேந்து செய்யுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

சந்துக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. வேலை வருகிறது, கெடு இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலாளிக்குப் பதில் வாத்தியார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வாரம் பச்சைப்பயறு முளைகட்டி வரச் சொன்னார். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பிள்ளைகள் கவனிக்கட்டும் என்பது அவர் எண்ணம். திங்கட்கிழமை ராதாமணி கொண்டுபோன முளைகள் எல்லாம் ஒரே நீளம். முந்தியதையும் பிந்தியதையும் சீதாலட்சுமி பொறுக்கியெடுத்துத் தாளித்துவிட்டாள். அடுத்த வாரம் ஊரையும் வைகையையும் களிமண்ணில் செய்யச் சொன்னார். ஜனகராஜ் பட்டறையிலிருந்து நீலச்சாயம் கொண்டுவந்து ஆற்றில் ஊற்றினான். அழகர் இறங்குகிற அன்றைக்குக்கூட வைகையில் அப்படித் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. வாத்தியார் அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். படிப்பு வேண்டாம் என்ற ஜனகராஜ், அன்று பட்டறையில் நாலு பேரிடம் அதைச் சொன்னான்.

பிறகு எழுத்து வேலை ஆரம்பமாயிற்று. ராதாமணி சிலேட்டில் எழுதினால் ஒரு எழுத்து பூசணிக்காய் மாதிரி இருக்கும், பக்கத்து எழுத்து அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியிருக்கும். சீதாலட்சுமிக்குக் கை நமநமவென்றது. "குடு இங்க" என்று குச்சியை வாங்கினாள். முதலில் புள்ளி வைத்தாள், பிறகு புள்ளியைச் சேர்த்தாள். "இது ம, இது து, இது ரை" என்று மகள் புத்தகத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, அதைப் பார்த்துப் பார்த்து எழுதியதில் சிலேட்டில் மதுரை வந்து உட்கார்ந்தது. ஊர் பேர் தன் கையால் வந்ததை அன்று ராத்திரி முழுக்க அவள் யாரையும் அழிக்க விடவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வேலை முழுக்க அவள் கைக்கே போயிற்று. வாங்கி வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் ராதாமணி. வகுப்பில் எழுதவைப்பதில்லை, எல்லாரும் சேர்ந்து கத்திப் படிப்பதுதான்; அதில் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும். திங்கட்கிழமைச் சிலேட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாப்போல் இருக்கும். வாத்தியார் ஏன் சந்தேகப்படுவார்?

வருஷக் கடைசிப் பரீட்சையன்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வாத்தியார் முன்வரிசையில் ராதாமணியைத்தான் உட்கார வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒரு வாக்கியம் சொல்லி எழுதச் சொன்னார். ராதாமணி சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏன் எழுதல?"

"எழுதுறது எங்கம்மா. நான் வாங்கிட்டுப் போயி குடுக்கிறதுதான்."

இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார். ராதாமணி தோற்றாள்.

சாயங்காலம் முத்துக்கருப்பன் வாத்தியார் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். ஜனகராஜும் பட்டறையிலிருந்து வந்திருந்தான்.

"ஏம்மா, பிள்ளை எழுத வேண்டியத நீங்க எழுதலாமா?"

"நீங்கதான சார் எல்லாரும் சேந்து செய்யச் சொன்னீங்க?"

"பிள்ளை எழுதும்போது கூட இருங்கன்னு அர்த்தம்மா."

"கூடத்தான் சார் பிள்ளை இருந்துச்சு. எந்திரிக்கவே இல்ல" என்றாள் சீதாலட்சுமி. பிறகு மெதுவாக, "எழுத்துல எதும் பிழையா சார்?"

"எழுத்துல ஒண்ணும் இல்ல. அம்புட்டும் முத்து முத்தா இருக்கு. பிள்ளைக்குத்தான் எழுத வரல."

 மகள் படிக்க வேண்டும் என்று கிடந்து தவித்து, அந்தப் படிப்பைத் தன் கையாலேயே தின்றுவிட்டோமே என்று சீதாலட்சுமிக்கு இருந்தது. ஜனகராஜ் செருமிக்கொண்டான்.

"சரி, தோத்துருச்சு. பேச்சு பேச்சா இருக்கணும். நாளையிலருந்து முடிச்சுப் போட உக்காரட்டும்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். வாத்தியாருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்.

"போன மாசம் உங்க பட்டறைச் சேலை திட்டுத் திட்டாத் திரும்பி வந்துச்சே, என்ன செஞ்சீங்க?"

"மறுபடி முக்கிக் குடுத்தேன்."

"கிணத்துல தூக்கிப் போடலையா?"

"எதுக்குப் போடணும்? சாயம் போட்டவன் தப்புக்குச் சேலை என்ன செய்யும்?"

சொல்லி முடித்த பிறகுதான் ஜனகராஜுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சிவந்த கையை வேட்டியில் துடைத்தான். அது துடைத்தால் போகிற சிவப்பு இல்லை.

"சார், தப்பு எங்க வேலையில" என்றாள் சீதாலட்சுமி. "அதே வகுப்புல திரும்ப எடுத்துக்கங்க. இந்தத் தடவை சரியாச் செஞ்சு தாரோம்."

"பிள்ளையே செய்யட்டும்மா" என்றார் வாத்தியார்.

மறுபடி பள்ளிக்கூடம் திறந்து, அதே இரண்டாம் வகுப்பின் முதல் வெள்ளிக்கிழமை, வீட்டில் இருப்பவர்கள் பேரை எழுதி வரச் சொல்லி வேலை வந்தது. ராதாமணி எழுதினாள். 'சீ' சரிந்தது, 'தா' அதன்மேல் விழுந்தது. சீதாலட்சுமி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜனகராஜ் பொறுக்கமாட்டாமல் குச்சிக்குக் கை நீட்டினான். "கை வச்சீங்க, தெரியும் சேதி" என்றாள். பிள்ளை எழுதித் தானே படித்துக் காட்டியபோது எழுத்தெல்லாம் தள்ளாடிக்கொண்டிருந்தது. பேர் மட்டும் சரியாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கை சும்மா இருந்தது. முடிச்சுப் போட்டும் சும்மா இருக்கிறாப்போலவே இருந்தது.

திங்கட்கிழமை மகளோடு தானும் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனாள்.

"என்னம்மா, மறுபடியும் எதும் தகராறா?"

"இல்ல சார்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை எனக்கும் தனியா ஒண்ணு குடுத்து விடுங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை. பார்த்து எழுதுவது போதும், இனிமேல் மகள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், புள்ளி வைக்கக் கூடாது என்று வேலை கொடுத்தனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ராதாமணி 'மதுரை' என்று சொன்னாள், சீதாலட்சுமி எழுதினாள். புள்ளி இல்லாமல் கோடு தன் இஷ்டத்துக்குப் போயிற்று. மகள் சிலேட்டை வாங்கி, முதலாளி துணி பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ரை சாஞ்சிருக்கு. திரும்ப எழுதும்மா."

கல்யாணமாகி வந்ததிலிருந்து சீதாலட்சுமிக்குத் திரும்பி வந்த வேலை இரண்டே இரண்டு. ஒன்று ராதாமணி. இன்னொன்று அந்த 'ரை'. அவள் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.