சூடு ஆறாத விரிப்பு

காலையில் எழுந்ததும் அவள் முதலில் போய்ப் பார்ப்பது கொடியைத்தான். நேற்றுத் துவைத்துப் போட்ட விரிப்புகள் காய்ந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காய்ந்திருக்காது. கடலோரத்தில் வெயிலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் காற்றில் இருக்கிற உப்பு துணியை விடாது. தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். மடிக்கும்போதே, அடுத்து அதில் படுக்கப்போகிற யாரோ முகம் சுளிப்பது அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே தென்னைகளுக்கு நடுவில் இருக்கிற அந்த வீட்டை இப்போது எல்லோரும் கெஸ்ட் ஹவுஸ் என்கிறார்கள். ஒரு காலத்தில் அது வெறும் வீடு. கணவர் வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம், லீவுக்கு வந்த ஒரு குடும்பம் தங்க இடம் கிடைக்காமல் வாசலில் வந்து நின்றது. ரெண்டு நாள்தானே என்று முன்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அடுத்த லீவுக்கு நடு அறை போனது. அப்புறம் அவர்கள் படுத்திருந்த அறையே போனது. கடலைப் பார்த்து இருந்த குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, கடைசியில் அடுப்படிக்குப் பக்கத்துச் சாமான் அறையில், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் கிணறுதான். இனிமேலும் நகர்ந்தால் அதற்குள்தான் குதிக்கணும் என்று ஒருநாள் அலுப்பில் சொன்னாள். கணவர் அதை வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அவருக்குப் பேச்சு, அவளுக்கு வேலை. உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதில்லை, அப்படி அமைந்துவிட்டது. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிப் போயும் அவருக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பார்கள். அவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவார்கள். ஆன்ட்டி, தலையணை. ஆன்ட்டி, கொசுவத்தி. பதிலுக்கு அவளும் மனசுக்குள் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். கீழே முன்னறையில் இப்போது இருப்பவர் சுடுதண்ணி சார். நடு அறையில் இருப்பது தலையணை அம்மா, ஒரு தலைக்கு நான்கு கேட்டவள். லீவு முடிந்து கார் கிளம்பியதும் அந்தப் பெயரும் விரிப்போடு சேர்ந்து துவைக்கப் போய்விடும்.

மாடியில் இருந்தது மூலை அறை. வாடகைக்கு விடுவதற்கென்றே பிற்பாடு கட்டியது. கட்டிலில் படுத்தபடியே கடல் தெரியும் என்று கணவர் போனில் சொல்வார். அவர் எப்போது படுத்துப் பார்த்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் படுத்ததில்லை. அந்த அறையைப் பெருக்கியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், முட்டி கெஞ்சக் கெஞ்ச வாளியோடு ஏறி இறங்கியிருக்கிறாள். அங்கே ஒரு குறை மட்டும் உண்டு. மத்தியானம் காற்று ஏறினால் எங்கோ டக் டக்கென்று தட்டுகிற சத்தம் வருவதாகத் தங்கினவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவள் பெருக்குகிற காலை நேரத்தில் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. கடல் கதவைத் தட்டுது சார், திறந்துடாதீங்க என்று கணவர் சொல்லிவிடுவார். அவர்களும் சந்தோஷமாகப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

அந்த அறைதான் போன லீவில் வினையாகப் போனது.

வெளியூரில் இருக்கும் மகள், நான்கு வயதுப் பேத்தியோடு வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூட லீவில்தான் வர முடியும். ஊர் முழுக்க ஆட்கள் வருவதும் அதே லீவில்தான். அதனால் மகள் வந்தால் சாமான் அறைதான். போன தடவை அதிசயமாக மூலை அறை காலியாக இருக்க, மேலே போய்ப் படுடி என்று இவளே சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கணவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். அவள் மாடி ஏறிப் போய், தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை எழுப்பி மகளின் தோளில் சாய்த்துவிட்டு, குழந்தை படுத்திருந்த சூடு ஆறுவதற்குள் விரிப்பை உருவினாள். உருவி, உதறி, புது விரிப்பைப் போட்டு நான்கு மூலையும் செருகி முடித்துத் திரும்பியபோது மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பஸ் ஏறும்போதுதான் சொன்னாள்: "இனிமே லீவுக்கு நாங்க வரலம்மா. உனக்கும் சிரமம்."

அந்தப் பேச்சு வருஷம் முழுக்க அவளோடு இருந்தது. துவைக்கும்போதும் காயப்போடும்போதும் கூடவே நடந்தது. இந்த லீவுக்கு மூலை அறை என் மகளுக்கு, யார் கேட்டாலும் கிடையாது என்று கணவரிடம் நாலு மாதம் முன்னாலேயே சொல்லி வைத்தாள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை. பத்து நாள் முன்பு சாப்பிட்டுக்கொண்டே, மூலை அறைக்கு ஆள் வந்துவிட்டது, யாரோ ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்மணியாம், கையில் ஒரு குழந்தையாம், ஒரு வாரமாம் என்று சொன்னார். செல்போனில் வந்ததாம், அவர் கை தவறிச் சரி என்று அழுத்திவிட்டதாம். அவள் சோற்றைப் போட்ட கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். சண்டை போடத் தெம்பில்லை. மகளுக்குப் போன் போட்டு, பின்னாடி அறையில் ஃபேனை மாற்றியிருக்கிறோம், இப்போது நல்ல காற்று வருகிறது என்று ஆரம்பித்தாள். பரவாயில்லம்மா, இந்தத் தடவை வேற இடத்துக்குப் போறோம் என்றாள் மகள். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

அந்த ஆபீஸ் பெண்மணி வருகிற நாள், அவள் எலுமிச்சை ஜூஸை டிரேயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கணவர் அதற்குள் கேட்டைத் திறந்து, வாங்க வாங்க, வழி கண்டுபிடிக்கிறது கஷ்டமா இருந்துச்சா என்று வழக்கமான பாட்டைத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது மகள். அவள் இடுப்பில் பேத்தி.

"புக்கிங் இருக்கு. மூலை அறை. கூட வேலை பாக்குறவ பேர்ல போட்டேன்" என்றாள்.

கணவர் சிரித்தார். அடி கள்ளி, உங்கப்பனையே ஏமாத்திட்டியா என்று பையை வாங்கிக்கொண்டு, இனிமேல் வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை கிடைத்த குஷியில் மாடி ஏறினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மற்றவர்களுக்கு நீட்டுகிற மாதிரியே மகளுக்கும் டிரேயை நீட்டினாள். மகளும் மற்றவர்களைப் போலவே தேங்க்ஸ் என்று எடுத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். பேத்தி கட்டிலின் நடுவில் கையைக் காலை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இவள் வாசலிலேயே நின்றாள். கேட்க எவ்வளவோ இருந்தது.

"ஹீட்டர் சுவிட்ச் வெளிய இருக்கு. குளிச்சதும் அணைச்சிடணும். காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலியும் இருந்தது.

"இதுக்குத்தாம்மா புக் பண்ணேன். மகளா வந்தா நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே நேரமிருக்காது. கெஸ்ட்டா வந்தா நாலு தடவையாவது வந்து என்ன வேணும்னு கேப்பே."

"ஏன்டி இப்படிப் பேசுற. யாருக்காகச் செய்யறேன் நான்?"

"செய்யறது தெரியும்." மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், குழந்தை தூங்குவதற்காக. "போன வருஷம் நீ பாப்பாவ எழுப்பினதுல எனக்குக் கோபமில்ல. எழுப்பிட்டு அவ மூஞ்சிய நீ பாக்கவே இல்ல. தலையணையப் பாத்தே, எச்சி பட்டிருக்கான்னு."

அவள் தலையணையைத்தான் பார்த்திருந்தாள். பட்டிருந்தது. உறையையும் மாற்றினாள். அது இப்போதும் நினைவிருந்தது, குழந்தையின் முகம்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம் படும்மா."

"அடுப்புல பால் வெக்கணும்."

"சும்மா படு."

படுத்தாள். விரிப்பு கசங்கிவிடுமோ என்று ஒருக்களித்து, ஓரமாக, தன் வீட்டில் தானே திருட வந்தவள் மாதிரி. எத்தனையோ பேர் படுத்து எழுந்துபோன அந்தக் கட்டிலின் நடு, லேசாகப் பள்ளமாகியிருந்தது. இதை யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள். மேற்கூரை மூலையில் மழைத்தண்ணீர் இறங்கிய பழுப்புக் கறை தெரிந்தது, அதுவும் பெருக்குகிறவள் பார்வைக்குப் படாத இடம். கடல் தெரியவே இல்லை. தென்னங்கீற்றுகளுக்கு நடுவில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் ஆடியது. மகள் எழுந்து வந்து பேத்திக்கு அந்தப் பக்கம் சுவரோரமாகப் படுத்துக்கொண்டாள். காற்று ஏறியது.

டக். டக். டக்.

ஜன்னலுக்கு மேலே வெயிலுக்குப் போட்ட தகரத்தில் ஒரு ஆணி விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். இத்தனை வருஷம் கடல் என்று சொல்லி ஓட்டியது ஒரு ஆணியை. ஏணி எங்கே கிடக்கிறது, சுத்தியல் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது.

கேட்டில் கார் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியில் கணவரின் செருப்புச் சத்தம். கதவோரம் நின்று, உள்ளே அவள் படுத்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்:

"கீழ ஒரு குடும்பம் வந்திருக்கு. எங்கயும் இடமில்லையாம், சின்னக் குழந்தைங்க வேற." கட்டிலைப் பார்த்தார். "நம்ம பொண்ணுதானே. அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே தரையில் இறங்கியிருந்தன. கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தது. மூலையில் செருகியிருந்ததை இழுத்தும் விட்டது. அப்போதுதான் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கி மூடமாட்டார்கள். பக்கத்தில் குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு, மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. மகளுக்கும் அந்த வயதில் அங்கேதான் வியர்க்கும்.

"மூலை அறையில ஆள் இருக்காங்க" என்றாள்.

"யாரு, நம்ம..."

"ஆள் இருக்காங்கன்னு சொல்றேன். புக்கிங் இருக்கு."

அவர் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "வாசல்ல நிக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"உங்களுக்கா பேசத் தெரியாது?"

அவள் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டாள். செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கீழே அவர் குரல், கதை எதுவும் இல்லாமல், சுருக்கமாக ஏதோ சொல்லிற்று. கார் பின்னால் எடுத்துத் திரும்புகிற சத்தம் கேட்டது. முன்னறையிலிருந்து ஆன்ட்டி, சுடுதண்ணி என்று ஒரு குரல் வந்தது. அவள் எழுந்திருக்க நினைத்தாள். இதோ கொண்டு வர்றேன் சார் என்று கணவர் பதில் சொல்வது கேட்டது. அவருக்கு ஹீட்டர் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பது சந்தேகம்தான்.

மகள் கண்ணைத் திறக்காமலே சுவர்ப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவளும் நடுப் பள்ளத்தை நோக்கிக் கொஞ்சம் சரிந்தாள். தகரம் தட்டிக்கொண்டிருந்தது. குழந்தை புரண்டு வந்து அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அது படுத்திருந்த இடத்தில் கையை வைத்தாள். விரிப்பு சூடாக இருந்தது.